சொல்லில்லாக் கூத்து

"மேல்நாட்டில் சிலர் ஒரு வார்த்தைகூட இல்லாமல் வாயால் ஏதோ ஓசை எழுப்பி, திரையில் படங்களைக் காட்டி, அதையும் நாடகம் என்று சொல்லிப் பணம் வசூலிக்கிறார்களாமே! இது கலையா, கண்கட்டு வித்தையா? தங்கள் அபிப்பிராயத்தை இப்பகுதியில் தெரிவிக்க வேண்டும்" என்று நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்.

கடிதத்தின் தோரணையைப் பார்த்தால் அபிப்பிராயம் அவரிடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. என்னிடம் கையெழுத்து மட்டுமே எதிர்பார்க்கிறார் என்று தோன்றுகிறது. கையெழுத்துப் போடத் தயங்குகிறேன். ஏனென்றால், சென்ற ஆண்டு எங்கள் பள்ளிக்கூட விழாவில் நானே அத்தகைய கூத்து ஒன்றை நடத்திவிட்டு, பெரியவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவன். அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறேன். முதலில் நேயர் கேட்ட மேல்நாட்டு விஷயத்தைக் கவனிப்போம்.

அமெரிக்க தேசத்தில் மெரிடித் மாங்க் என்றொரு அம்மையார் இருக்கிறார். 1942-ல் பிறந்தவர். அவருடைய தாயார் ரேடியோவில் பாடிய பாடகி. குழந்தைப் பருவத்தில் மாங்குக்குக் கண்பார்வையில் ஒரு குறை இருந்தது. இரண்டு கண்களும் ஒன்றாகச் சேர்ந்து பார்க்கவில்லை. தாளத்தை உடம்பின் அசைவினாலேயே கற்பிக்கும் டால்க்ரோஸ் முறையில் அவரைப் பயிற்றுவித்தார்கள். பாட்டும் ஆட்டமும் அவருக்கு இரண்டு கலைகளாக அல்லாமல் ஒரே கலையாக அமைந்ததற்கு அந்தப் பயிற்சியும் ஒரு காரணம்.

1966-ல் நியூயார்க்கில் அவர் நடத்திய ஒரு நிகழ்ச்சியின் பெயர் 'பதினாறு மில்லிமீட்டர்த் தோடுகள்.' பதினாறு மில்லிமீட்டர் என்பது சினிமாச் சுருளின் அகலம். அதில் ஒரு கட்டத்தில் வெள்ளைக் காகித உருண்டை ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றார். அந்த உருண்டையின் மீது அவருடைய முகமே சினிமாப் படமாக வந்து விழுந்தது! உள்ளே உண்மை முகம். வெளியே ஒளியால் ஆன முகம். 1969-ல் கக்கன்ஹைம் கண்காட்சி மாளிகையின் சுருள் வழி நெடுகிலும் எண்பத்தைந்து பேரை நிறுத்திக் குரல் கொடுக்கச் செய்தார். 1991-ல் ஹூஸ்டன் நகரத்து இசை நாடக சபைக்காக 'அட்லஸ்' என்ற பெரிய நாடகத்தை இயற்றினார். அதில் அங்கங்கே உதிரியாகச் சில சொற்கள் உண்டு. மற்றபடி மூன்று பாகமும் குரலின் ஓசையினாலேயே நடைபெறுகிறது.

அந்த 'அட்லஸ்' நாடகத்தின் கதாநாயகி யாரைத் தழுவியவள் தெரியுமா? இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ள வேண்டும். அலெக்ஸாண்ட்ரா டாவித் நீல் என்ற பிரெஞ்சு மாதரசி. 1868-ல் பிறந்து நூறு வயது வாழ்ந்து 1969-ல் மறைந்தவர். இளமையில் இசை நாடகங்களில் பாடும் தொழிலில் இருந்து ஹனாய் நகரத்து மேடையிலும் பாடியவர். பிறகு பாட்டை விட்டுவிட்டு ஞானத்தைத் தேடிக் கிளம்பினார். 1911-ஆம் வருஷம் நவம்பர் மாதத்தில் புதுச்சேரிக்கு வந்து ஸ்ரீ அரவிந்தரைச் சந்தித்தார். சுப்பிரமணிய பாரதியார் இதே ஊரில் அடைக்கலம் புகுந்து வாழ்ந்த காலம் அது. பின்னர் அந்த அம்மையார் மாறுவேஷம் பூண்டு, அந்நியர் நுழையக் கூடாத லாசா நகரத்திற்குள் 1924-ல் பிரவேசித்தார். ஆக, நம் வீதியில் நடந்து சென்ற ஒரு பாடகியின் வாழ்க்கை, எண்பது வருஷத்துக்குப் பின் அமெரிக்காவில் வார்த்தையில்லாத பாட்டாக மாறியிருக்கிறது!

இன்னும் ஒன்று. மாங்க் அம்மையார் 2023-ல் ஹாலந்து விழாவிலும், 2024-ல் நியூயார்க்கிலும் அரங்கேற்றிய நிகழ்ச்சியின் பெயர் 'இந்திரனுடைய வலை.' இந்திரனுடைய மாளிகையின் மேல் எல்லையில்லாத வலை ஒன்று விரிந்திருக்கிறது. ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு மணி. ஒவ்வொரு மணியிலும் மற்ற மணிகள் அனைத்தும் பிரதிபலிக்கின்றன. இது பௌத்த நூல்கள் போற்றிய உவமை. இதனையே அவர் குரலாலும் ஒளிப்படத்தாலும் காட்டினார்.

நேயர் 'கண்கட்டு வித்தையா?' என்று கேட்டார் அல்லவா? கண்கட்டு வித்தைக்கு நாம் வழங்கும் இன்னொரு பெயர் இந்திரஜாலம். ஜாலம் என்றால் வலை. இந்திரஜாலம் என்றால் இந்திரனுடைய வலை! நேயர் தம்மையறியாமலே சரியான பெயரைச் சொல்லிவிட்டார்.

* * *

சரி, வார்த்தையில்லாத பாட்டு என்பது நமக்குப் புதிதா?

நாற்று நடவின்போதும், அம்மன் கோயிலில் பொங்கல் பொங்கும்போதும் நம் பெண்மணிகள் குலவை இடுகிறார்கள். அதில் வார்த்தை ஏது? ஆனால் கேட்டவர்கள் எவரும் அது துக்கச் செய்தி என்று தவறாக எண்ணியதில்லை. தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டிப் பாடுவது தாலாட்டு. 'ஆராரோ ஆரிரரோ' என்பதற்கு எந்த நிகண்டிலும் பொருள் தேட வேண்டியதில்லை. தூங்குகிற குழந்தைக்குப் பொருள் தெரியும். ஏற்றம் இறைப்பவனும் ஓடம் தள்ளுபவனும் பாடும் 'ஏலேலோ', கும்மியடிக்கும் பெண்களின் 'தன்னானே', நட்டுவனாரின் ஜதி, தில்லானாவின் 'தோம்' எல்லாம் அப்படித்தான். வித்வான் ஒருவர் தோடி ராகத்தை முக்கால் மணி நேரம் ஆலாபனை செய்கிறபோது நாம் என்ன, அகராதியையா புரட்டுகிறோம்?

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டு என்று வகுத்தார்: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. மெய்யில் தோன்றுவதால் மெய்ப்பாடு. இந்த எட்டும் வாயினால் சொல்லித் தெரிவிப்பவை அல்ல. உடம்பிலும் குரலிலும் தாமே தோன்றுபவை. சொல் பின்னால் வருகிறது. பல சமயங்களில் வராமலும் போகிறது.

திரையும் நிழலும் நமக்குப் புதியவை அல்ல. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று விதமான திரைகள் பேசப்படுகின்றன. அரங்கத்தில் விளக்கு வைப்பவர்கள் தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி வைக்க வேண்டும் என்ற நுட்பமும் அங்கே காணப்படுகிறது. அதாவது, மேடையில் விழுந்த நிழலைப் பிழை என்று கருதி விலக்கினார்கள். அந்தப் பிழையையே தொழிலாக்கிக் கொண்டவர்கள் தோல்பாவைக் கூத்தாடிகள்.

ஆட்டுத் தோலைப் பதப்படுத்தி, கண்ணாடிபோல் மெல்லியதாக்கி, உருவம் வெட்டி, நுண்ணிய துளைகளிட்டு, சாயம் தீட்டுவார்கள். வெள்ளைத் துணியின் பின்னால் விளக்கு. விளக்குக்கும் துணிக்கும் நடுவே பாவை. பாவை துணியை ஒட்டியிருந்தால் நிழல் தெளிவாகவும் சிறியதாகவும் விழும். விளக்கை நெருங்க நெருங்க நிழல் பூதாகாரமாக வளரும், விளிம்பும் மங்கும். அனுமன் விசுவரூபம் எடுப்பதற்கு ஒரு முழ தூரமே போதும்! எண்ணெய் விளக்காக இருந்தால் சுடர் அசையும்போது பாவை மூச்சுவிடுவது போலத் தோன்றும். தமிழ்நாட்டில் இந்தக் கலையைப் பரம்பரையாக நடத்திவந்த மண்டிகர் சமூகத்தார் வீட்டில் மராத்தி பேசுகிறவர்கள். திரைக்குப் பின்னால் தமிழில் இராம கதை நடத்துகிறார்கள். இராமன் குரலும் இராவணன் குரலும் சீதையின் குரலும் பெரும்பாலும் ஒரே மனிதனுடைய தொண்டையிலிருந்து புறப்படுகின்றன.

மலையாளத்துப் பத்திரகாளி கோயில்களில் இன்னும் அதிசயம். அங்கே கூத்து மாடத்தில் வரிசையாக விளக்கேற்றி, கம்பராமாயணத்தை ஆதாரமாகக் கொண்டு இரவு இரவாகப் பாவைக் கூத்து நடத்துகிறார்கள். இராம ராவண யுத்தத்தைக் காண இயலாமற்போன தேவிக்காக நடத்தப்படுவது என்பது ஐதிகம். சில இரவுகளில் எதிரே மனிதர் எவரும் இருப்பதில்லை. கூத்து நிற்பதுமில்லை.

நம் பக்கத்திலேயே, வானூர் தாலுகாவில், ஆதிசக்தி என்ற நாடகக் கூடம் இருக்கிறது. வீணாபாணி சாவ்லா என்ற அம்மையார் 1981-ல் பம்பாயில் தொடங்கிப் பின்னர் புதுவைப் பக்கம் கொண்டுவந்த அமைப்பு. கூடியாட்டத்தின் மிழாவு என்னும் குடமுழவையும், மூச்சைக் கட்டி ஆளும் பயிற்சியையும் கற்று, வசனத்தைக் குறைத்துத் தாளத்தினாலேயே கதை நகர்த்திய 'கணபதி' அங்கே உருவான நாடகம். அம்மையார் 2014-ல் காலமானார். சீடர்கள் தொடர்ந்து நடத்திவருகிறார்கள். ஆகையால், வார்த்தையில்லா நாடகத்தைக் காண நேயர் அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை.

* * *

இவ்வளவையும் ஒரு மாலை எங்கள் திண்ணையில் விரிவாக எடுத்துரைத்தேன். எதிரே அமர்ந்திருந்தவர் எங்கள் ஊர்ப் பண்டிதர். தமிழாசிரியராக முப்பது வருஷம் பணியாற்றி ஓய்வு பெற்றவர். வெற்றிலையை நிதானமாக மடித்து வாயில் வைத்துக்கொண்டு, "தம்பி! 1943-ல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் எதற்காகத் தோன்றியது?" என்று கேட்டார்.

எனக்குப் பகீரென்றது. கேள்வி எங்கே போய் முடியும் என்பது தெரிந்துவிட்டது.

"தமிழ்நாட்டு மேடையில் தமிழில் பாட வேண்டும், கேட்பவனுக்குப் பொருள் விளங்க வேண்டும் என்பதற்காகத்தானே? 1941-ல் அண்ணாமலை சர்வகலாசாலையில் தீர்மானம் போட்டார்கள். ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் முன்னின்றார். எத்தனை கண்டனம், எத்தனை வாதம்! 'சங்கீதத்துக்குப் பாஷை வேண்டாம், நாதம் போதும்' என்று எதிர்க்கட்சிக்காரர்கள் சொன்னதைத்தானே நீங்கள் இப்போது அமெரிக்கா வழியாகக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் இறக்குகிறீர்கள்?"

நேயர்களே! நியாயமான கேள்வி. நான் தமிழ் இசை இயக்கத்தின் பக்கத்தில் நிற்பவன். 'பொருள் விளங்காவிட்டால் என்ன?' என்ற வாதம் பொருள் விளங்கியவர்கள் மட்டும் சௌகரியமாகச் சொல்லக்கூடிய வாதம் என்பது என் எண்ணம். ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். ஒருவனுக்குத் தெரிந்த பாஷையில் பாடி மற்றவனை வெளியே நிறுத்துவது வேறு. எவருடைய பாஷையிலும் பாடாமல் எல்லாரையும் ஒரே வாசலில் நிறுத்துவது வேறு. முன்னதில் ஒருவன் வீட்டுக்காரன், இன்னொருவன் விருந்தாளி. பின்னதில் எல்லாரும் விருந்தாளிகள். அல்லது எல்லாரும் வீட்டுக்காரர்கள்.

இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும் உதாரணம் ஒன்றும் உண்டு. பிலிப் கிளாஸ் என்ற அமெரிக்க இசைப் புலவர், பாரிஸில் 1960-களின் நடுவில் பண்டிட் ரவிசங்கருடைய சங்கீதத்தை மேல்நாட்டு வாத்தியக்காரர்களுக்காக ஸ்வரப்படுத்தி எழுதும் வேலையில் அமர்ந்து, நம்முடைய தாளத்தின் கணக்கை அறிந்துகொண்டவர். அவர் இயற்றிய 'சத்தியாக்கிரகம்' என்ற இசை நாடகம் 1980-ல் ராட்டர்டாம் நகரில் அரங்கேறியது. கதை, காந்தி மகான் தென்னாப்பிரிக்காவில் நடத்திய போராட்டம். பாடல்களோ பகவத் கீதையின் சம்ஸ்கிருத சுலோகங்கள்! மேடையில் நடப்பதற்கும் வாயில் வருவதற்கும் நேரான சம்பந்தமில்லை. சபையில் அமர்ந்திருந்த மேல்நாட்டார் பெரும்பாலோருக்கு ஒரு சொல்லும் விளங்காது. விளங்கவேண்டாம் என்றேதான் அவர் அப்படிச் செய்தார். பின்னர் 2007-ல் லண்டனிலும் 2008-ல் நியூயார்க்கிலும் அதை நடத்தியவர்கள், வழக்கமாக மேடைக்கு மேலே ஓடும் மொழிபெயர்ப்பு வரிகளை நிறுத்திவிட்டு, சில வாசகங்களை மட்டும் ஒளியினால் மேடைச் சுவரின் மீதே விழச் செய்தார்கள். காந்தியடிகளின் 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையை நினைவூட்டும் வண்ணம், செய்தித்தாள்களையே ஒட்டி ராட்சதப் பொம்மைகளைச் செய்து நடமாடவிட்டார்கள்.

அந்த நாடகத்தின் முடிவில் காந்தி தனியாக நின்று பாடுகிறார். ஒரே ஆரோகணம், கீழிருந்து மேலே எட்டு ஸ்வரம். அதையே முப்பது முறை பாடுகிறார். மேல்நாட்டார் அந்த ஸ்வர வரிசையைப் பிரிஜியன் என்பார்கள். நம் கணக்கில் அது எட்டாவது மேளமான அனுமத்தோடியின் ஆரோகணம். பாஷை சம்ஸ்கிருதம், இசையமைத்தவர் அமெரிக்கர், ஸ்வரம் நம் தோடியினுடையது. யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி?

இவ்வளவும் சொன்ன பிறகு பண்டிதர், "எல்லாம் சரி. அந்தப் போராட்டத்தில் உயிர் கொடுத்த தில்லையாடி வள்ளியம்மையின் பெயர் அந்த நாடகத்தில் வருகிறதா?" என்றார். 1914-ல், பதினாறே வயதில், சிறையில் பற்றிய காய்ச்சலோடு வெளியே வந்து உயிர் நீத்த அந்தப் பெண் அந்த நாடகத்தின் பாத்திரங்களில் இல்லை. "இல்லை" என்றேன். "பார்த்தீர்களா? சொல்லை விட்டால் முதலில் போவது பெயர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அந்த வார்த்தை என் மனத்தில் தைத்தது.

* * *

இனி என் கூத்தைச் சொல்லுகிறேன்.

எங்கள் வில்லியனூர் கொம்யூனில் கீழூர் என்றொரு கிராமம் உண்டு. 1954-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் 18-ஆம் தேதி, பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதிகள் 178 பேர் அங்கே கூடி, இந்தியாவுடன் இணைவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். இணைய வேண்டும் என்று 170 பேர். வேண்டாம் என்று 8 பேர். நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்டு 16-ல் முடிந்தது. தேசமெங்கும் ரத்தம் சிந்திப் பெற்ற விடுதலையின் கடைசி அத்தியாயங்களில் ஒன்று, எங்கள் வயல்வெளிக்கு நடுவே காகிதச் சீட்டினால் எழுதப்பட்டது. இதைப் பிள்ளைகள் நடித்துக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

முதலில் வசனம் எழுதினேன். பதினெட்டுப் பக்கம்! 170 பேருடைய கட்சிக்கு அடுக்குமொழியில் வீரப் பிரசங்கங்கள். 8 பேருடைய கட்சிக்கு ஒரு வில்லன். அவனுக்கு மீசையும் குடையும். ஒத்திகையின் முதல் நாளே நாடகம் செத்துவிட்டது. பிள்ளைகள் ஒப்புவித்தார்கள், நான் கொட்டாவி விட்டேன்.

அப்போதுதான் தோல்பாவையும் மாங்க் அம்மையாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். வசனத்தை மூட்டை கட்டி வைத்தேன். இரண்டு எட்டு முழ வேட்டிகளை மூட்டித் தைத்துத் திரையாக்கினோம். வகுப்பறைக் குழல் விளக்கை வைத்துப் பார்த்தால் நிழல் கரைந்த மைபோல் இருந்தது. நீண்ட விளக்கு பல பக்கத்திலிருந்தும் ஒளி வீசும். நிழலின் விளிம்பைத் தின்றுவிடும். கைப்பேசியில் உள்ள பொட்டு விளக்கை ஏற்றினோம். விரல் நகம்கூடத் தெளிவாகத் திரையில் விழுந்தது. இருபத்திரண்டு பிள்ளைகள். 178-ஐ இருபத்திரண்டால் வகுத்தால் ஏறக்குறைய எட்டு. ஆகவே ஒவ்வொரு பிள்ளையும் எட்டுப் பேருக்குப் பிரதிநிதி. இருபத்தொரு பேர் இணைப்புக் கட்சி. ஒரே ஒருவன் எதிர்க்கட்சி. திரைக்குப் பின் ஒவ்வொருவராக நடந்து சென்று பெட்டியில் சீட்டைப் போட வேண்டும். போடும்போது வாயை மூடி ஒரு ஸ்வரத்தைப் பிடித்து நிறுத்த வேண்டும். இருபத்தொரு பேருக்கும் ஸட்ஜம்.

அந்த ஒருவனாக நடிக்க எவரும் முன்வரவில்லை. கடைசியில், நான் எந்த வேஷமும் கொடுக்காமல் விளக்குப் பிடிக்க வைத்திருந்த பையன் கையைத் தூக்கினான். அவனுக்குத் திக்குவாய். பதினெட்டுப் பக்க வசன காலத்தில் நான்தான் அவனை ஒதுக்கி வைத்தேன். அன்று அதைப் பெரிய தயவு என்றுகூட எண்ணினேன். சபையில் அவமானப்படாமல் காப்பாற்றுகிறேனாம்! திக்கிப் பேசுகிறவர்களில் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பதைப் பட்டம் பெற்ற இந்த வாத்தியார் அறிந்திருந்தும் நினைக்கவில்லை.

"நீ கரகரவென்று, காதைக் குத்துகிற மாதிரி ஒரு ஓசை எழுப்ப வேண்டும். சபை சிரிக்க வேண்டும்" என்று அவனுக்குச் சொன்னேன்.

அவன் தலையை ஆட்டவில்லை. சிறிது நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெகு பிரயாசைப்பட்டு, "அவங்களும்... இந்த... ஊர்க்காரங்கதானே, ஸார்?" என்றான்.

நேயர்களே! அந்த ஒரு வாக்கியம் வெளிவர அரை நிமிஷம் ஆயிற்று. என் பதினெட்டுப் பக்கங்களில் அதற்கு ஈடான வாக்கியம் ஒன்று இல்லை.

பிரெஞ்சுச் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர்கள், பென்ஷன் வாங்கியவர்கள் பலர் வாழ்ந்த ஊர் இது. 1962-க்குப் பிறகு பிரெஞ்சுப் பிரஜா உரிமையை வைத்துக்கொள்ளத் தீர்மானித்த குடும்பங்கள் இன்றும் நம்மோடு கடைவீதியில் காய்கறி வாங்குகின்றன. தேசத்தோடு இணைந்ததில் எனக்குள்ள ஆனந்தம் எள்ளளவும் குறைந்ததல்ல. ஆனால், வேண்டாம் என்று சொன்ன எட்டுப் பேரையும் சீட்டுப் போடவிட்டு, எண்ணி, 'எட்டு' என்று எழுதி வைத்தார்களே, அந்தக் கணக்கில்தான் சுதந்திரத்தின் பெருமை இருக்கிறது. நான் அந்த எட்டுக்கு மீசை வரையப் பார்த்தேன்.

விழாவன்று மாலை மணி ஏழு. விளக்கணைத்தோம். திரையில் நிழல்கள் ஒவ்வொன்றாக நடந்தன. ஸட்ஜம் ஒரு குரலாகத் தொடங்கி, இருபத்தொரு குரலாகப் பெருகிற்று. பிறகு அந்தப் பையனின் நிழல் வந்தது. சீட்டைப் போட்டான். சுத்த ரிஷபத்தைப் பிடித்தான். ஸட்ஜத்துக்கு மிக நெருங்கிய ஸ்வரம் அது. உரசும், ஆனால் விட்டுப் போகாது. இருபத்தொரு குரலுக்கு நடுவே அந்த ஒற்றைக் குரல் ஊசியில் நூல் கோத்தாற்போல் தனியாகத் தெரிந்தது. சபையில் எவரும் சிரிக்கவில்லை. குழந்தைகளின் அழுகைகூட நின்றிருந்தது.

கடைசியில் அவனும் ஸட்ஜத்துக்கு இறங்கிவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு. அதுதானே ஒற்றுமை? ஒத்திகையில் அப்படித்தான் செய்தான். அன்று இறங்கவில்லை. விளக்கு அணையும் வரை ரிஷபத்திலேயே நின்றான். மறதியா, மனமறிந்து செய்ததா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்ல அவன் சிரமப்பட வேண்டும் என்பது ஒரு காரணம். பதில் எனக்குத் தேவைப்படவில்லை என்பது இன்னொரு காரணம்.

* * *

கலைந்து போகும்போது பின்வரிசையில் ஒரு மூதாட்டி பக்கத்தில் இருந்தவளிடம், "யாரோ செத்துப் போனதுக்குப் பிள்ளைங்க எல்லாம் சீட்டுப் போட்டு அழுதுதுங்க, பாவம்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தில் அசடு வழிந்தது.

பண்டிதர் அருகில் வந்தார். "தம்பி, அந்தப் பிள்ளையின் குரல் என் நெஞ்சை விட்டுப் போகாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கிழவிக்கு என்ன பதில்? எந்த ஊர், எந்த நாள், எத்தனை பேர் என்று சொல்லாவிட்டால் நாளைக்கு இவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இது வெறும் ஓசை. தெருக்கூத்தில் கட்டியங்காரனை எதற்காக வைத்தார்கள்?" என்றார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். இராமனுடைய கதை ஊரறிந்த கதை. பாவை நிழலாக வந்தாலும் ஆள் தெரியும். நாகஸ்வரக்காரர் வார்த்தையில்லாமல் கீர்த்தனம் வாசிக்கும்போது, வார்த்தைகள் ஏற்கெனவே நம் மனத்தில் இருப்பதால் தலையாட்டுகிறோம். கீழூரின் கதை அப்படி ஊறிப்போன கதை அல்ல. மாங்க் அம்மையார் 'அட்லஸி'ல் உதிரியாகச் சில சொற்களை மிச்சம் வைத்ததன் காரணமும் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. உணர்ச்சிக்குச் சொல் வேண்டாம். பெயருக்கும் தேதிக்கும் கணக்குக்கும் சொல் வேண்டும். சொல்லை முழுவதும் நம்பியபோது நான் ஒரு வில்லனைப் படைத்தேன். சொல்லை முழுவதும் கைவிட்டபோது ஒரு சாவு வீட்டைப் படைத்திருக்கிறேன்.

ஆகவே, நேயருக்கு என் பதில் இதுதான். அது கலைதான். ஆனால் எந்தக் கலையையும்போல, வேலை தெரிந்தவர் கையில்தான் கலை. பொருள் சொல்ல இயலாதவர் 'பொருளே வேண்டாம்' என்று ஒளிந்துகொள்ளவும் அது நல்ல இடம். ஜாக்கிரதையாக இருக்க வேண்டியதுதான். தங்கள் ஊரில் யாராவது அப்படியொரு கூத்து நடத்தினால், கடிதம் எழுதுவதற்கு முன் ஒருமுறை போய் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.

இந்த ஆண்டு விழாவுக்கு அதே கூத்தை மறுபடியும் நடத்தப் போகிறோம். திரை அதே வேட்டிதான், சலவை செய்தாயிற்று. நிழல்கள் நடக்கத் தொடங்குமுன் கட்டியங்காரன் ஒருவன் முன்னால் வந்து, ஊரின் பெயரையும், தேதியையும், 170 என்றும் 8 என்றும் இரண்டு எண்ணிக்கைகளையும் சொல்லிவிட்டுப் போவான். மொத்தம் பத்து வார்த்தைக்குள் எழுதியிருக்கிறேன். கட்டியங்காரனாக யாரைப் போடுவது என்று வகுப்பில் கேட்டபோது, சென்ற ஆண்டு ரிஷபம் பாடிய பையன் கையைத் தூக்கினான்.

பத்து வார்த்தைக்கு எவ்வளவு நேரம் பிடித்தாலும் பிடிக்கட்டும். சபை காத்திருக்கும்.